ஆயிரத்து நூற்று நாற்பது மைலும் என் இருபது அடி நடையும்

வெள்ளிக்கிழமை, அதிகாலை 5.20. அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரத்துக்கு அருகே சாண்ட்லர்.

வட இலங்கையில், பரந்தன் சந்தியில் இருபத்து மூன்று வருடமாக ஹயர் வான் ஓட்டுகிறவன் நான். முல்லைத்தீவு வீதியில் எந்த மதகில் எந்த மாடு படுத்திருக்கும் என்பது வரைக்கும் தெரியும். அப்படிப்பட்டவன், அமெரிக்காவின் ஒரு நீண்ட பயணத்தை முழுக்க முழுக்கப் பக்கத்து இருக்கையில் இருந்து நடுங்கி முடித்த கதை இது.

இங்கே சாரதி இடப்பக்கம் இருப்பார். ஆகவே நான் ஏறி உட்கார்ந்த வலப்பக்க இருக்கை, என் வானில் நான் இருபத்து மூன்று வருடம் இருந்த அதே இடம். ஸ்டியரிங் மட்டும் இல்லை, பிறேக்கும் இல்லை. சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டு முடியைப் பறித்தது போன்ற நிலை.

முடி பறிபோனதற்கு நியாயமான காரணம் இருந்தது. முந்தைய நாள் பின்னேரம், நான் ஊரிலிருந்து பார்க்க வந்திருந்த தங்கச்சி வதனி அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்த் தரிப்பிடத்தில் கார்த் திறப்பை என் கையில் தந்து, “ஒருக்கா ஓடிப் பாருங்கோ அண்ணா” என்றாள். நான் கம்பீரமாக வெளியே எடுத்து, கம்பீரமாக வீதியின் இடப்பக்கத்தில் ஏறினேன். எதிரே குப்பை லொறி. அதன் சாரதி கோபப்படக்கூட இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறப்பு அன்றே திரும்பப் பெறப்பட்டது.

போகவேண்டிய இடம் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்துக்கு மேற்கே உள்ள கேட்டி. தூரம் 1,140 மைல், அதாவது சுமார் 1,830 கிலோமீற்றர். இலங்கையின் வட முனையான பருத்தித்துறையிலிருந்து தென் முனையான தெய்வேந்திரமுனைக்கு நேரே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை நாலு தரம் ஒட்டினாலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். பாதை ஒன்றே ஒன்று: பத்தாம் இலக்க நெடுஞ்சாலை. திரும்பத் தேவையில்லை என்று மருமகள் மதுரா தொலைபேசியில் சொன்னாள். திரும்ப முடியாது என்பதாகவே அது என் காதில் விழுந்தது.

மதுரா, வதனியின் ஒரே மகள். கேட்டியில் குடும்பமாக இருக்கிறாள். வதனியின் கணவர் காலமாகி இரண்டு வருடம். அவர் இருந்த காலத்தில் நெடுஞ்சாலையில் ஓடியதெல்லாம் அவர்தான். வதனி வேலைக்கு நாலு மைல், கடைக்கு ஆறு மைல். அதற்கு மேல் அவளுக்கு வீதி இல்லை. இப்போது கேட்டியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடொன்றுக்கு முற்பணமும் கட்டிவிட்டாள்; திறப்பை மதுரா வாங்கி வைத்திருந்தாள். வேலைக்குப் போகக் கார் வேண்டும். அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேருவேன் என்பது அவளுடைய பிடிவாதம்.

மதுராவின் பிடிவாதம் வேறு. “அம்மா, இடையில ஏலாமல் போனால் ஒரு கோல் எடுங்கோ. நான் பிளேனில வந்து கூட்டிக்கொண்டு வாறன். ஆனால் அதோடை காரும் வேண்டாம், தனி வீடும் வேண்டாம். என்ரை வீட்டில உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கி வைச்சிருக்கிறன்.” அன்பில் சொன்னதுதான். வதனி அதைக் கேட்ட முகத்தைப் பார்த்தால், யாரோ சிறையில் இடம் ஒதுக்கியதுபோல் இருந்தது.

எனக்கு இன்னொரு இரகசிய உத்தியோகமும் இருந்தது. “மாமா, அம்மா பயந்தா மறைப்பா. நீங்கள் பாத்து எனக்கு உண்மையைச் சொல்லவேணும்” என்று மதுரா தனியாகக் கேட்டிருந்தாள். அவளுக்கு ஒப்புக்கொண்டேன். வதனிக்கும் துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டேன். ஒரு வானுக்கு இரண்டு இடத்தில் முற்பணம் வாங்கினவனுடைய நிலை.

புறப்படுமுன் நாலு ரயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஒரு பழம் 69 சதம். தேங்காய் உடைக்கலாம் என்றால் வதனி விடவில்லை.

“கார்ப் பார்க்கில தேங்காய் உடைச்சால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குக் கோல் எடுப்பினம்.”

“முறிகண்டிப் பிள்ளையார் மாதிரி வழியில ஏதும் கோயில் வருமே?”

“ஆயிரத்து நூற்று நாற்பது மைலுக்கும் பெற்றோல் ஸ்டேசன்தான் அண்ணா. கும்பிட்டுக்கொண்டு வாங்கோ.”

காலை 7.25. டூசன் நகரம் தாண்டியாயிற்று.

அனுமதித்த வேகம் மணிக்கு 75 மைல், கிலோமீற்றரில் 120. வதனி 58இல் போனாள். ஸ்டியரிங்கை அவள் பிடித்திருந்த பிடியில் சாறு வந்திருக்கும். பதினெட்டுச் சில்லு லொறிகள் ஒவ்வொன்றும் நாங்கள் ஏதோ மைல்கல் என்பதுபோல் கடந்து போயின. ஒன்று கடக்கும்போது எங்கள் கார் அதன் பக்கமாக இழுபடும், கடந்து முடிந்ததும் மற்றப் பக்கம் தள்ளுபடும். நான் ஒவ்வொரு தரமும் இல்லாத பிறேக்கை மிதித்தேன். இத்தனைக்கும் ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஹோன் அடித்தால்தான் பின்னால் ஆள் இருக்கிறார் என்று நிம்மதி. இங்கே ஒரு பெரிய கட்டடம் ஓசையில்லாமல் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

“அண்ணா, மூச்சை இப்பிடி இழுக்காதேங்கோ. எனக்கு ஏதோ நடக்கப்போகுது எண்டு நெஞ்சு அடிக்குது.”

“நான் சாதாரணமாய்த்தான் மூச்சு விடுறன்.”

“உது சாதாரணமே? விசில் கேக்குது.”

அவளுடைய பயத்தைக் கண்காணிக்க வந்தவனுடைய இலட்சணம் இது.

காலை 10.05. நியூ மெக்சிக்கோ.

எல்லை என்றால் ஒரு மஞ்சள் பலகை. ஆள் இல்லை, மறிக்கும் தடி இல்லை, ஒரு மாநிலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. அதற்கப்பால் தட்டையான வெளி. பூநகரிப் பக்கத்து வெட்டையை நான் பெரிய வெட்டை என்று இத்தனை காலமும் ஆட்களுக்குக் காட்டி வந்திருக்கிறேன். அதை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு மூலையில் காணாமல் போய்விடும். வீதியோரத்தில் வரிசையாக அறிவித்தல்கள். தூசிப்புயல் வந்தால் வீதியை விட்டு இறங்கு. இயந்திரத்தை நிறுத்து. பிறேக்கிலிருந்து காலை எடு. பெல்ட்டைக் கழற்றாதே. ஒவ்வொன்றையும் நான் தமிழில் உரக்க வாசித்துக்கொண்டு வந்தேன்.

“புயல் எங்கை அண்ணா?”

“இன்னும் வரேல்லை.”

“வந்தால் சொல்லுங்கோ. இப்ப வாயை மூடுங்கோ.”

டெமிங் என்ற ஊரில் பெற்றோல் அடித்தோம். ஒரு கலன் இரண்டு டொலர் 89 சதம். கலன் என்பது மூன்றே முக்கால் லீற்றர். அங்கே தலைப்பாகை கட்டிய பஞ்சாபி லொறிச் சாரதி ஒருவர் தன் லொறியின் நிழலில் நின்று ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொழில் பாசத்தில் எனக்கிருந்த ஆங்கிலத்தைக் கூட்டி, பதினெட்டுச் சில்லையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். “முன்னுக்கு இருக்கிற இரண்டைத்தான் நான் ஓட்டுறன், மற்றப் பதினாறும் பின்னாலை தானாய் வரும்” என்ற கருத்தில் ஏதோ சொன்னார். வதனி சிரித்தாள். அன்று முதல் தரம். அதற்குப் பிறகு வேகமுள் 65க்கு ஏறியது. நான் அதைக் கவனிக்காததுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பகல் 1.35. டெக்சாஸ்.

மாநிலத்துக்குள் நுழைந்ததும் ஒரு பலகை நின்றது. இதே மாநிலத்தின் மறு கோடியில் இருக்கும் போமண்ட் என்ற ஊருக்கு எண்ணூற்று ஐம்பது சொச்சம் மைலாம். ஒரு மாநிலத்துக்குள் 1,370 கிலோமீற்றர்! அதை யார், என்ன மனத்தோடு அங்கே நட்டார்களோ.

எல் பாசோ நகருக்குள் வீதி ஆறு நிரையாக விரிந்தது. வலப்பக்கம் ஆற்றுக்கு அப்பால் மெக்சிக்கோ. சரிவில் அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன வீடுகள், கொடியில் காயும் உடுப்பின் நிறம்கூடத் தெரிகிற தூரம். இடையில் வேலி. இடப்பக்கமும் வலப்பக்கமும் கார்கள் நூல் கோப்பதுபோல் புகுந்தன. ஓரிடத்தில் நாங்கள் இருந்த நிரை நகருக்குள் இறங்கப் போனது. வதனி கண்ணாடியைப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், சமிக்ஞை விளக்கைப் போட்டாள், மாறினாள். இரண்டு நிரை. யாரும் எங்களை இடிக்கவில்லை.

“மாறிட்டன்” என்றாள்.

“கண்டன்” என்றேன். உண்மையில் காணவில்லை; நான் முழங்காலுக்குள் முகத்தை வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் நல்ல பயணக் கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் பிற்பகல் 3.40 ஆயிற்று.

சியரா பிளாங்கா என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால், வெறும் வெளியில், செம்மஞ்சள் கூம்புகள் நெடுஞ்சாலையை அப்படியே ஓரத்துக்குத் திருப்பின. எல்லா வாகனமும் உள்ளே வரவேண்டும். ஒரு பெரிய கூரை. அதன் கீழே பச்சைச் சீருடைக்காரர், ஒரு நாய். எல்லைக் காவலர்களின் சோதனைச்சாவடி என்பது பிறகு தெரிந்தது. வதனி இந்தப் பாதையில் ஒரு நாளும் வந்ததில்லை, அவளுக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் ஆறு வாகனங்கள். கார் நின்றது.

“இதென்ன அண்ணா?” என்று அவள் திரும்பினாள். நான் அங்கே இல்லை.

ஓமந்தையில் இராணுவச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில், வடக்குக்குப் போகும் ஏ-9 வீதியால் போய்வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாகனம் நின்றதும் பயணிகள் இறங்குவார்கள். அவரவர் பையை அவரவர் தூக்கவேண்டும். அடையாள அட்டை கையில். வாகனம் ஒரு வழியால் போகும், சனம் இன்னொரு வழியால் நடக்கும். பையைத் திறந்து காட்டி, அங்காலே போய், நிற்கிற வாகனங்களுக்குள் உங்கள் வாகனத்தைத் தேடிப் பிடித்து ஏறவேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

இப்போது அந்த இடத்தை நான் கிழமைக்கு மூன்று தரம் வேகம் குறைக்காமல் கடக்கிறேன். மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். என் கால்களிடம் யாரும் கேட்கவில்லை போலும்.

பெல்ட்டைக் கழற்றியது, கதவைத் திறந்தது, பின் இருக்கையிலிருந்து பையை இழுத்தது எதுவும் நினைவில்லை. பையின் ஸிப்பை மூட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கடவுச்சீட்டை வாயில் கவ்விக்கொண்டேன். பிறகு ஓரமாக, தலையைக் கொஞ்சம் குனிந்து, அவசரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல், அந்தக் கூரையை நோக்கி நடந்தேன். வதனி அங்காலே வருவாள், ஏறிக்கொள்ளலாம். ஒரு இருபது அடி நடந்திருப்பேன்.

யாரோ கத்தினார்கள். நாய் குரைத்தது. ஒருவருடைய கை இடுப்புக்குப் போனது. எனக்குப் புரிந்தது: பையைக் காட்டச் சொல்கிறார்கள். ஆகவே பையை நிலத்தில் வைத்து, குனிந்து, ஸிப்பைத் திறந்து, மரியாதையாக இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். வெறும் வெளியில் ஒரு மனிதன் நடந்து வந்து பையை வைத்துவிட்டுப் பின்வாங்கினால் அவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பிறகு நானும் யோசித்துப் பார்த்தேன். இப்போது மூன்று பேர் கத்தினார்கள். நான் கையை உயர்த்தினேன். கடவுச்சீட்டு இன்னும் வாயில்தான் இருந்தது.

“அண்ணா! அசையாதேங்கோ! குனியாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!”

வதனியின் குரல். காருக்குள் இருந்தபடி இரண்டு கைகளையும் யன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள், விரல்களை விரித்து. பிறகு ஆங்கிலத்தில் அவர்களோடு பேசினாள். அவர் என் அண்ணர். ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவருடைய நாட்டில் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கவேண்டும். நான் காரை விட்டு இறங்கமாட்டேன், நீங்கள் சொல்லும்வரை. ஒரு சொல்லும் தடக்கவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஏழு நிமிடம். விசாவைப் பார்த்தார்கள், வதனியின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்தார்கள். பைக்குள் இரண்டு சாரம், தலையிடித் தைலம், மதுராவுக்கென்று என் மனைவி வறுத்து இடித்துக் கட்டிவிட்ட மிளகாய்த்தூள். நாய் அதை மோந்து, மூன்று தரம் தும்மியது. நடுவயதான ஓர் அதிகாரி எனக்குப் பையைத் தூக்கித் தந்தார். கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னார்: இங்கே காரில் இருப்பவர்கள் காரிலேயே இருக்கவேண்டும் ஐயா. நடந்து வருகிறவர்களைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

பிற்பகல் 3.55. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முதல் வழியில் வதனி காரை இறக்கினாள். மூடிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் நிறுத்தி, நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். அழுதாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

“ஏலாது அண்ணா. நான் மதுராவுக்கு எடுக்கப்போறன். அவள் வரட்டும்.”

எனக்குப் பகிடி வரவில்லை. இரண்டு வருடமாகச் சேர்த்த துணிவை இருபது அடி நடையில் கலைத்துவிட்டிருந்தேன்.

“சுட்டிருப்பாங்கள்” என்றாள். “ஏன் இறங்கினனீங்கள்? ஆர் இறங்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“அப்ப?”

அவள் ஊரைவிட்டு வெளிக்கிட்டது ஓமந்தைச் சாவடிக்கு முந்திய காலத்தில். ஆகவே அவளுக்குச் சொன்னேன், மேலே உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும். கடையின் தகரப் பலகை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொலைபேசியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு தூரம் நடக்கவேணும்?”

“அது நாளைப் பொறுத்தது. வெயிலைப் பொறுத்தும்.”

“அம்மாவை வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போன நேரம்?”

“அவவும் நடந்தவாதான். எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு. நான் வானோடை மற்றப் பக்கத்தாலை வரவேண்டியிருந்தது.”

வதனி முன்னால் இருந்த வெளியைப் பார்த்தாள். அம்மாவின் அந்தக் கடைசி வருடத்தில் அவளால் ஊருக்கு வரமுடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை, அன்றும் கதைக்கவில்லை. முகத்தை முன்கையால் துடைத்தாள்.

“அம்மாவும் நடந்தா. நீங்களும் இறங்கி நடக்கிறியள். குளிரூட்டின காருக்குள்ளை இருந்து அழுறது நான் ஒராள்தான். பெல்ட்டைப் போடுங்கோ.”

போட்டேன்.

“இனி நான் சொல்லாமல் கதவிலை கை வைச்சால் இந்த வனாந்தரத்திலை விட்டிட்டுப் போவன்.”

“ஓம்.”

காரை எடுத்தாள். அடுத்த முப்பத்து மூன்று மைலும் அவளுடைய விரல்கள் ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டே இருந்தன. கார் நடுங்கவில்லை.

மாலை 4.50, அதாவது 5.50. வான் ஹோர்ன்.

இந்த ஊருக்குச் சற்று முன்னால் நேரக்கோடு மாறுகிறது. ஒரு மணித்தியாலத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். வீதியோர விடுதியில் இரண்டு கட்டில் போட்ட அறை 79 டொலர். வதனி முகம் கழுவப் போனாள். நான் வெளியே நின்றபோது மதுரா தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, அம்மா பயந்தவாவோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

இரண்டு முற்பணத்துக்கும் கணக்குக் கொடுக்கும் நேரம். பொய் சொன்னால் மருமகளுக்குத் துரோகம். உண்மையைச் சொன்னால் அந்த ஒதுக்கிய அறை.

“பயந்தவா” என்றேன். “கை நடுங்கினது. நெற்றியை ஸ்டியரிங்கிலை வைச்சு அழுதவா. அதுக்குக் காரணம் வீதியில்லை, நான்.” நடந்ததைச் சொன்னேன், மிளகாய்த்தூள் உட்பட. “பிறகு நடுங்கின கையோடையே முப்பத்து மூன்று மைல் ஓடி வந்திருக்கிறா. நான் இருபத்து மூன்று வரியமாய் வான் ஓடுறன் பிள்ளை. என்னால அது ஏலாது.”



“நான் பிளேன் பாக்கட்டோ மாமா?”

“அதை என்னட்டைக் கேளாதை. கொம்மாவைக் கேள்.”

கதவில் வந்து நின்ற வதனியிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். எவ்வளவு கேட்டிருந்தாளோ தெரியாது. “நாளைக்குப் பின்னேரம் ஆறரைக்குள்ளை வந்திடுவன்” என்றாள். “சோறு வை. உன்ரை மாமாவுக்குப் பொறுக்கிற மாதிரி, உறைப்புக் குறைச்சுக் கறி வை. மனுசன் பயந்துபோய் இருக்கு” என்று முடித்தாள்.

சனிக்கிழமை. காலை 6.00 முதல் மாலை 6.20 வரை.

அறுநூறு மைல். ஃபோர்ட் ஸ்டொக்டன், ஓசோனா, சொனோரா, ஜங்ஷன் என்று ஊர்கள். ஓசோனாவில் கோப்பி இரண்டு டொலர் 19 சதம். வேக எல்லை 80 மைல். வதனி 70இல் நின்றுகொண்டாள். எண்ணெய்க் கிணற்று இயந்திரங்கள் ஆளில்லாத வெளியில் தலையாட்டிக்கொண்டு நின்றன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் சொச்சம்; ஆனால் விசுவமடுவில் ஒருவர் மறிப்பார், புதுக்குடியிருப்பில் ரியூசன் விட்ட பிள்ளைகள் வீதியை நிறைத்து வருவார்கள், யாரோ ஒருவருடைய செத்தவீட்டுக்கு இறங்கி முகம் காட்டவேண்டும். அரை நாள் போய்விடும். இங்கே அரை நாளில் ஒரு நாட்டைக் கடந்தோம், எங்களை ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. தனியாக இருக்கப் பழகவேண்டிய ஒருத்திக்கு இது நல்ல வீதி என்று தோன்றியது. எனக்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

சான் அன்ரோனியோவில் மேம்பாலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு தட்டு. நான் முகத்தை முழங்காலுக்குள் வைக்கவில்லை. கண்ணை மட்டும் மூடினேன். முன்னேற்றம்தான்.

6.20க்கு மதுராவின் வீட்டு முன்னால் வதனி காரைப் பின்பக்கமாக எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே நிறுத்தினாள். மதுரா ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். வதனி அழவில்லை. “கை பிசுக்காய்க் கிடக்கு, விடு” என்றாள். சோறு சாப்பிட்டோம். கறியில் உறைப்பே இல்லை.

சாப்பிட்டுக் கை துடைத்ததும் வதனி சொன்னாள்: “என்ரை வீட்டுத் திறப்பைத் தா.”

“இண்டைக்கு இங்கை படுங்கோ அம்மா. அறை எல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறன்.”

“அதுக்குத்தான் உன்ரை மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். அவரைத் தனிய விட ஏலாது. கதவு கண்டால் இறங்கி நடந்திடுவார்.”

மதுரா என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து திறப்பை எடுத்துக் கொடுத்தாள். ஆறு மைல் தூரத்திலிருந்த தன் வீட்டுக்கு வதனி தனியாகப் போனாள். கார் திருப்பத்தில் மறையும்வரை மதுரா வாசலில் நின்றாள். “சிக்னல் போட்டவா” என்றாள் உள்ளே வந்து, யாரிடமென்றில்லாமல்.

தாய்க்கென்று அடுக்கியிருந்த அந்த அறையில் புது மெத்தை, புதுத் தலையணை, கட்டிலோடு ஒரு சின்ன மேசை விளக்கு. எல்லாம் வயதுபோன ஒருவர் தடக்கி விழாமல் இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அளவாக இருந்தது.